ஜெக்கிலும் ஹைடும்: நல்லவன் யார், கெட்டவன் யார்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதி 1886 ஜனவரியில் லண்டனில் வெளியான ஒரு சின்ன நாவல், டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும் வரும் அந்த 'விசித்திர வழக்கு'. மொத்தம் பத்தே அத்தியாயம். ஒரு மாலை உட்கார்ந்தால் முடித்துவிடலாம். அதைப் படித்தவர்களும் படிக்காமலேயே கதை தெரிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. முதல் பதிலிலேயே மர்மம் உடைந்துவிடும். கதையே தெரியாதவர்கள் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள், அந்த இன்பம் ஒரு தடவைதான் கிடைக்கும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

லண்டனில் ஹென்றி ஜெக்கில் என்று ஒரு டாக்டர். ஐம்பது வயது, நல்ல வசதி, ஊரெல்லாம் மரியாதை. அவனுடைய வக்கீலும் பழைய நண்பருமான அட்டர்சனிடம் விநோதமான ஓர் உயில் இருக்கிறது: ஜெக்கில் இறந்தாலோ, மூன்று மாதத்துக்கு மேல் காணாமல் போனாலோ, சொத்து முழுவதும் எட்வர்ட் ஹைட் என்பவனுக்குப் போக வேண்டும். யார் இந்த ஹைட்? அதிகாலை மூன்று மணிக்குத் தெருமுனையில் தன்மேல் மோதிய எட்டு, பத்து வயதுச் சிறுமியை அப்படியே மிதித்துக்கொண்டு நடந்து போனவன். பிறகு ஒரு நிலா இரவில் டான்வர்ஸ் கேரூ என்ற நாடாளுமன்ற உறுப்பினரைக் கைத்தடியால் அடித்தே கொல்கிறான். ஜெக்கில் இவனுக்கு ஏன் கட்டுப்பட்டிருக்கிறான் என்று அட்டர்சன் தேடிப் போவதுதான் கதை. கடைசியில் தெரியவருவது: இருவரும் ஒருவனே. ஜெக்கில் தானே கலந்த ஒரு மருந்தைக் குடித்து ஹைடாக மாறுகிறான்.

டாக்டர் ஜெக்கிலை 'அவன்' என்று எழுதுகிறீர்களே, 'அவர்' என்பதுதானே முறை?

முதன்முதலில் இந்தக் கதையை வீட்டில் வாய்விட்டுச் சொன்னபோது நானும் 'அவர்' என்றுதான் சொன்னேன். ஜெக்கில் வந்தார், ஜெக்கில் சொன்னார். ஹைட் வந்தான், ஹைட் அடித்தான். பாதிக் கதையில் என் தம்பி மகள் கேட்டாள்: "ரெண்டு பேரும் ஒரே ஆள்தானே பெரியப்பா, அப்புறம் ஏன் ஒருத்தருக்கு மட்டும் மரியாதை?" என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஜெக்கில் மருந்து குடித்ததே இந்த 'ர்' விகுதிக்காகத்தான். பகலில் 'டாக்டர் வந்தார்' என்று ஊர் சொல்ல வேண்டும், இரவில் செய்வதெல்லாம் 'அவன் செய்தான்' என்று வேறு ஒருவன் கணக்கில் ஏற வேண்டும். தமிழில் சொல்கிறபோது நம் வினைமுற்றே அந்த ஏற்பாட்டுக்குத் துணைபோய்விடுகிறது. 'ஹைட் கேரூவைக் கொன்றான்' என்பது காதுக்குச் சரியாக இருக்கிறது. 'ஜெக்கில் கேரூவைக் கொன்றார்' என்பதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் நடந்தது இரண்டாவதுதான். அதனால் இந்தப் பக்கத்தில் இருவருக்கும் 'அவன்'தான். ஸ்டீவன்சன் வைத்த தலைப்பிலும் பாருங்கள், ஒருவனுக்கு 'டாக்டர்', மற்றவனுக்கு 'மிஸ்டர்' என்று இருவருக்கும் மரியாதை அடைமொழி உண்டு.

ஜெக்கில் நல்லவன், ஹைட் கெட்டவன். அவ்வளவுதானே?

இல்லை. பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறிப் போகிறார்கள். நாவலின் கடைசி அத்தியாயம் ஜெக்கிலின் சொந்த வாக்குமூலம். அதில் அவனே சொல்கிறான்: மருந்துக்குப் பிறகு எனக்கு இரண்டு குணங்கள், இரண்டு உருவங்கள், ஒன்று முழுக்க முழுக்கத் தீமை, மற்றொன்று அதே பழைய ஹென்றி ஜெக்கில், நன்மையும் தீமையும் ஒட்டாமல் கலந்த அதே கலவை.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். அவன் போட்ட திட்டம் வேறு. மனிதனுக்குள் இருக்கும் நல்லவனையும் கெட்டவனையும் தனித்தனி உடம்பில் பிரித்துவிட்டால், கெட்டவன் உறுத்தல் இல்லாமல் தன் வழியே போகலாம், நல்லவன் வெட்கப்பட வேண்டிய அவசியமில்லாமல் தன் வழியே மேலேறலாம் என்று கணக்குப் போட்டான். ஆனால் பிரிந்து வந்தது ஒரு பாதிதான். கெட்டவன் தனியே வெளியே வந்தான். நல்லவன் தனியே வரவே இல்லை. இந்த நாவலில் முழு நல்லவன் என்று யாரும் எந்த இடத்திலும் நடமாடுவதில்லை.

அது மருந்தின் குற்றமும் இல்லை. மருந்துக்குத் தெய்வ குணமும் கிடையாது, பேய்க் குணமும் கிடையாது, அது சிறைக் கதவை மட்டும்தான் அசைத்தது என்கிறான். கதவு திறந்தபோது உள்ளே எது விழித்துக்கொண்டிருந்ததோ அது வெளியே ஓடிவந்தது. அந்த நேரம் தன் நற்குணம் தூங்கிக்கொண்டிருந்தது, தீய குணம் பேராசையால் விழித்திருந்தது. நல்ல மனதோடு அந்தச் சோதனையில் இறங்கியிருந்தால் பிசாசுக்குப் பதில் ஒரு தேவதூதன் வெளியே வந்திருக்கக்கூடும் என்றும் எழுதுகிறான். இந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தால் நாவல் வெறும் பேய்க்கதையாகிவிடும்.

அப்படியானால் தீமை எங்கே தொடங்குகிறது?

ஹைட் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே. ஜெக்கிலுக்கு இளவயதில் இருந்த குறை அப்படியொன்றும் கொடியதல்ல, கேளிக்கையில் ஆசை. வேறு ஒருவனாக இருந்தால் அதை வெளியே சொல்லிப் பெருமைகூடப் பட்டிருப்பான் என்று அவனே எழுதுகிறான். ஆனால் இவனுக்கு ஊர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது. இரண்டையும் விட மனமில்லாமல் ஒன்றை மறைத்தான். ஆசை பாவமானது மறைத்த பிறகுதான்.

இது என் ஊகமில்லை. 1887-இல் எழுதிய ஒரு கடிதத்தில் ஸ்டீவன்சனே இதைச் சொல்லியிருக்கிறார்: கேடு ஜெக்கிலிடம் இருந்தது, ஏனென்றால் அவன் ஒரு வேடதாரி, அந்த வேடதாரிதான் ஹைட் என்ற மிருகத்தை அவிழ்த்துவிட்டான்.

வாக்குமூலத்தில் ஓர் இடம் எனக்கு எப்போதும் உறைக்கும். முன்காலத்தில் மனிதர்கள் தங்கள் குற்றங்களைச் செய்ய அடியாட்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள், தாங்கள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டார்கள். இன்பத்துக்காக அப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்ட முதல் மனிதன் நான்தான் என்கிறான் ஜெக்கில். ஹைட் அவனுக்கு ஓர் அடியாள். பிறகு வரும் வரி இன்னும் மோசம்: ஆகக் குற்றவாளி ஹைட் மட்டுமே, ஜெக்கில் பழையபடிதான் இருந்தான், முடிந்த இடங்களில் ஹைட் செய்த கேட்டைச் சரிசெய்யக்கூட விரைந்தான். இப்படியாக அவன் மனச்சாட்சி தூங்கிப்போனது.

வள்ளுவர் 'கூடா ஒழுக்கம்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். "புறங்குன்றி கண்டனைய ரேனும் அகங்குன்றி மூக்கிற் கரியார் உடைத்து" என்ற குறள் அதில்தான் வருகிறது. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் ஒரே மணியில் இருப்பவை. ஜெக்கில் அந்தக் கறுப்பு மூக்கை மட்டும் கிள்ளித் தனியே வைக்கப் பார்த்தான்.

ஹைட் செய்த ரகசியப் பாவங்கள் என்னென்ன?

நாவலில் இல்லை. சிறுமியை மிதித்தது, கேரூவைக் கொன்றது, தெருவில் தீப்பெட்டி நீட்டிய ஒரு பெண்ணை முகத்தில் அறைந்தது – கண்ணால் பார்க்கக் கிடைப்பவை இவ்வளவுதான். மற்றதையெல்லாம் ஸ்டீவன்சன் இருட்டில் விட்டுவிட்டார். படிக்கிறவன் அந்த இருட்டைத் தனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறான்.

ஹைட் ஏன் ஜெக்கிலைவிடக் குள்ளமாக, இளையவனாக இருக்கிறான்?

ஜெக்கில் தரும் விளக்கம் எளிமையானது. அவன் வாழ்க்கையில் பத்தில் ஒன்பது பங்கு உழைப்பும் கட்டுப்பாடுமாகப் போயிற்று. தீய பக்கம் அதிகம் புழங்கவில்லை, அதனால் வளரவில்லை, தேயவும் இல்லை. பிறகு ஹைடாக உலாவ உலாவ அந்த உடம்பு பெருத்து வருவதுபோல் அவனுக்குத் தோன்றத் தொடங்குகிறது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. ஒரு நாள் காலை ஜெக்கில் தன் வீட்டுப் படுக்கையில் அரைத்தூக்கத்தில் கண்விழிக்கிறான். அதே அறை, அதே கட்டில். ஆனாலும் ஏதோ சரியில்லை. பார்வை தற்செயலாகப் போர்வைமேல் கிடக்கும் கையில் விழுகிறது. ஜெக்கிலின் கை பெரியது, வெள்ளையானது, டாக்டருக்கு ஏற்ற உறுதியான கை. மஞ்சள் படிந்த காலை வெளிச்சத்தில் அங்கே கிடப்பது மெலிந்து, நரம்பு புடைத்து, முட்டி துருத்தி, கருமயிர் அடர்ந்த கை. இரவு ஜெக்கிலாகப் படுத்தவன் ஹைடாக எழுந்திருக்கிறான். அன்று மருந்து குடிக்கவில்லை. அரை நிமிஷம் அந்தக் கையையே வெறித்துப் பார்த்தபின்தான் பயம் வருகிறது. ரத்தமோ கத்தியோ இல்லாமல் ஒரு கையை மட்டும் காட்டி இவ்வளவு பயமுறுத்திய பக்கம் வேறு எதையும் நான் படித்ததில்லை.

முடிவு உலகத்துக்கே தெரியும். இதை இன்னும் மர்ம நாவல் என்று எப்படிச் சொல்வது?

1886-இல் வாங்கிப் படித்தவர்களுக்கு அது தெரியாது. ஒரு ஷில்லிங் விலையில் வந்த புத்தகம், பிரிட்டனில் ஆறு மாதத்தில் சுமார் 40,000 பிரதிகள் விற்றது. அவர்கள் எல்லோரும் அட்டர்சனோடு சேர்ந்துதான் யோசித்தார்கள்: ஹைட் ஜெக்கிலை மிரட்டிப் பணம் பறிக்கிறானா? பழைய ரகசியம் எதையாவது பிடித்து வைத்திருக்கிறானா? உண்மை வெளிப்படுவது ஒன்பதாவது அத்தியாயத்தில்தான்.

தெரிந்துகொண்டு படிப்பதிலும் ஒரு சுவை இருக்கிறது. தடயங்கள் எல்லாம் நம் கண்முன்னே கிடக்கின்றன. கேரூவைக் கொன்ற கைத்தடி, பல வருஷத்துக்கு முன் அட்டர்சனே ஜெக்கிலுக்குப் பரிசாகக் கொடுத்தது. ஹைட் நுழையும் அழுக்குக் கதவு ஜெக்கில் வீட்டின் பின்வாசல். முன்வாசலில் செல்வமும் வெளிச்சமும், பின்வாசலில் அழைப்பு மணிகூட இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கையெழுத்துத் தடயம். கொலைக்குப் பிறகு, ஹைட் எழுதியது என்று ஒரு கடிதத்தை அட்டர்சனிடம் கொடுக்கிறான் ஜெக்கில். நேரில் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள் என்கிறான். வேலைக்காரர் பூலைக் கேட்டால், தபாலைத் தவிர எதுவும் வரவில்லை என்கிறார். அன்று மாலை கணப்பின் முன்னால் வக்கீலும் அவருடைய தலைமை எழுத்தர் கெஸ்ட்டும் ஒயின் குடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். கெஸ்ட் கையெழுத்து ஆராய்ச்சியில் தேர்ந்தவர். அந்த நேரத்தில் ஜெக்கிலிடமிருந்து ஒரு விருந்து அழைப்புச் சீட்டு வருகிறது. கெஸ்ட் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், நிதானமாக. "ரொம்பவே ஒத்துப்போகிறது ஐயா, சாய்வு மட்டும்தான் வேறு" என்கிறார். அட்டர்சனுக்கு ரத்தம் உறைகிறது: ஒரு கொலைகாரனுக்காக ஹென்றி ஜெக்கில் கள்ளக் கடிதம் எழுதினானா!

சரியான தடயத்தைக் கையில் பிடித்துவிட்டார், தவறான முடிவுக்குப் போய்விட்டார். நண்பன் ஒரு கொலைகாரனுக்கு உதவுவான் என்பதுவரை அவரால் எண்ண முடிகிறது. அதற்கு மேல் ஓர் அடி வைக்க அவருடைய நட்பு விடவில்லை. அறிவு குறைந்ததனால் வந்த பிழை இல்லை இது. அதனால்தான் மறுபடி மறுபடி படிக்க முடிகிறது.

மற்ற பாத்திரங்கள் நல்லவர்கள்தானே?

சிறுமியை மிதித்த இரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைடைப் பிடித்துக்கொண்டு வந்தது என்ஃபீல்ட், அட்டர்சனின் உறவினர். குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வந்த மருத்துவர் சாதுவான, உணர்ச்சியே இல்லாத மனிதர். அந்த மருத்துவர் ஹைடின் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், அவனைக் கொன்றுவிட வேண்டும் என்ற வெறியில் வெளிறிப் போகிறார். என்ஃபீல்டுக்கும் அதே எண்ணம். கொல்ல முடியாது, அதனால் பெயரைக் கெடுப்போம் என்று மிரட்டி 100 பவுண்டு வாங்குகிறார்கள்: 10 பவுண்டு தங்கக் காசு, மீதிக்குக் காசோலை. அந்தக் குழந்தையின் குடும்பத்துக்காகத்தான் வாங்கினார்கள், நியாயம்தான். ஆனாலும் தீமையின் முகத்தைப் பார்த்ததும் அந்த நல்லவர்களுக்குள் எழுந்தது கொலைவெறி.

ஜெக்கிலின் பழைய நண்பரான டாக்டர் லேன்யனுக்கு வேறுவிதமான சோதனை. மருந்தை வாங்க அவர் வீட்டுக்கு நள்ளிரவில் வரும் ஹைட் அவரிடமே முடிவை விட்டுவிடுகிறான்: நான் கோப்பையோடு போய்விடவா, இல்லை இங்கேயே நடப்பதைப் பார்க்கிறீர்களா? போகச் சொல்லியிருக்கலாம். பார்க்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. பார்த்தார், சில வாரங்களில் இறந்துபோனார்.

அட்டர்சன்தான் இவர்களில் எனக்கு நெருக்கமானவர். நல்ல ஒயினில் ஆசை உண்டு, அதை அடக்கத் தனியாக இருக்கும்போது ஜின் குடிப்பார். நாடகம் பிடிக்கும், இருபது வருஷமாகக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. தன்னிடம் கடுமை, பிறரிடம் பொறுமை. அவருக்குள்ளும் ஆசைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஒரு பெயரும் வீடும் அவர் வைத்துக் கொடுக்கவில்லை.

பூங்காவில் மருந்து குடிக்காமலேயே ஜெக்கில் மாறியது ஏன்?

கேரூ கொலைக்குப் பிறகு ஜெக்கில் திருந்துகிறான். பின்வாசல் சாவியைக் காலில் போட்டு மிதிக்கிறான், ஏழைகளுக்கு உதவுகிறான், நண்பர்களோடு பழகுகிறான். ஆனால் பழைய ஆசை மெல்லத் தலைதூக்குகிறது. இம்முறை ஹைடாக மாறாமல், ஜெக்கிலாகவே ஒளிந்து தவறு செய்கிறான். அதன்பின் ஜனவரி மாதத்து நல்ல வெயிலில் ரீஜென்ட் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நானும் மற்றவர்களைப் போலத்தானே என்று நினைக்கிறான். உடனே இன்னொரு எண்ணம்: அவர்கள் யாருக்கும் எதுவும் செய்யாமல் சோம்பிக் கிடக்கிறார்கள், நானோ எவ்வளவு நன்மை செய்கிறேன்! அந்தப் பெருமை மனதில் ஓடிய அதே கணத்தில் குமட்டல் வருகிறது, நடுக்கம் வருகிறது. குனிந்து பார்த்தால் முழங்கால்மேல் இருப்பது மயிரடர்ந்த அந்தக் கை.

பாவம் செய்த நேரத்தில் அந்த மாற்றம் வரவில்லை. தன்னை நல்லவன் என்று மெச்சிக்கொண்ட நேரத்தில் வந்தது.

கடைசியில் மருந்து ஏன் வேலை செய்யவில்லை?

மருந்தில் கலக்க அவன் முதலில் வாங்கி வைத்திருந்த உப்பு (ஒரு வேதிப்பொருள்) தீர்ந்துபோகிறது. பூலை லண்டன் முழுக்க அலையவிட்டு வாங்கிய புதிய உப்பு எதுவும் பலிக்கவில்லை. புதியதில் கலப்படம் என்றுதான் முதலில் நினைக்கிறான். பிறகு புரிகிறது: கலப்படம் இருந்தது பழைய உப்பில், என்னவென்றே தெரியாத அந்த அழுக்குதான் மருந்துக்குச் சக்தி கொடுத்தது. மனிதனைத் தூய இரண்டாகப் பிரிக்கக் கிளம்பியவனுக்கு உதவியதே ஒரு கலப்படம் என்ற இந்த இடத்தை நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன்.

இப்படி ஒரு மனிதர் உண்மையில் இருந்தாரா?

ஸ்டீவன்சன் பிறந்த எடின்பரோவில் வில்லியம் ப்ரோடி என்று ஒருவன் இருந்தான். மரவேலைக்காரர் சங்கத்தின் தலைவன், நகரசபை உறுப்பினன், இரவில் கொள்ளைக்காரன். 1788-இல் தூக்கிலிடப்பட்டான். அவன் செய்த அலமாரி ஒன்று ஸ்டீவன்சனின் சிறுவயது அறையில் இருந்தது. நண்பர் ஹென்லியுடன் சேர்ந்து ப்ரோடியைப் பற்றி ஒரு நாடகமும் எழுதினார். படுக்கையிலேயே கிடந்த ஒரு நோயாளிக் குழந்தை, இரவெல்லாம் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். என் மனதில் ஹைட் பிறந்தது அந்த அறையில்தான்.

கதை கனவில் வந்ததாமே?

ஒரு பகுதி வந்தது. 1885-இல் ஸ்டீவன்சன் நுரையீரல் நோயோடு இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மத் என்ற ஊரில் இருந்தார். தூக்கத்தில் அலறியவரை மனைவி ஃபேனி எழுப்ப, நல்ல பேய்க்கதையைக் கெடுத்துவிட்டாயே என்று கோபித்துக்கொண்டாராம். ஜன்னலோரக் காட்சியும், துரத்தப்பட்ட ஹைட் துரத்துபவர்கள் முன்னாலேயே பொடியைக் குடித்து மாறுவதும் கனவில் கண்டவை என்று பின்னாளில் ஒரு கட்டுரையில் எழுதினார். முதல் படியைப் படித்த ஃபேனி, இதில் ஆழமான பொருள் இருக்கிறது, நீங்கள் வெறும் கதையாக எழுதிவிட்டீர்கள் என்றிருக்கிறார். ஸ்டீவன்சன் அதை நெருப்பில் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினார் என்பது குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி.

படம் பார்த்தால் போதாதா?

போதாது. 1887-இல் பாஸ்டனில் ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்ட் இரு வேடத்திலும் நடித்த நாடகம் தொடங்கி, ஃப்ரெட்ரிக் மார்ச்சுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 1931 படம் வரை, ஜெக்கிலுக்குக் கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள். நாவலில் அப்படி யாரும் கிடையாது. அந்தப் பெண் வந்ததும் ஜெக்கில் பரிதாபத்துக்குரிய காதலன் ஆகிவிடுகிறான், வேடதாரி மறைந்துபோகிறான்.

ஹைட்மேல் இரக்கப்படலாமா?

ஜெக்கில் படுகிறான். தற்கொலை செய்துகொண்டு இவன் நம்மையும் முடித்துவிடுவானோ என்று ஹைட் எப்படி அஞ்சுகிறான், உயிர்மேல் அவனுக்கு எவ்வளவு ஆசை என்பதைப் பார்க்கும்போது இரக்கமே வருகிறது என்று எழுதுகிறான். ஆனால் அதே வாக்குமூலத்தில் ஹைடைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறான்: 'அவன்' என்கிறேன்; 'நான்' என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மூடிய அறைக்குள் அழுதது யார்?

எட்டாவது அத்தியாயத்தில் பூல் பயந்துபோய் அட்டர்சனை அழைத்து வருகிறார். இருபது வருஷமாக அந்த வீட்டில் வேலை பார்ப்பவர், எஜமானின் காலடி ஓசை அவருக்கு அத்துப்படி. ஒரு வாரமாகக் கதவு திறக்கவில்லை. உள்ளே நடப்பது ஜெக்கிலின் கனத்த நடை இல்லை; லேசாக, ஊசலாடுவதுபோல் வேறு ஒரு நடை. வேறு ஏதாவது கேட்டதா என்கிறார் அட்டர்சன். ஒரு தடவை அழுகை கேட்டது என்கிறார் பூல். ஒரு பெண் அழுவதைப்போல, கதியற்றுப் போன ஓர் ஆத்மா அழுவதைப்போல இருந்தது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது எனக்கே அழுகை வந்துவிடும்போல் இருந்தது என்கிறார்.

கோடாலியால் கதவைப் பிளந்தபோது தரையில் கிடந்தது ஹைடின் உடல், தனக்குப் பொருந்தாத டாக்டரின் பெரிய உடைகளில். அழுத தொண்டை ஹைடுடையது. அழுதவன் ஜெக்கிலா ஹைடா என்று நாவல் சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்று கேட்ட பூலுக்கும் அது தெரியாது.